தண்ணீரைக் கண்டால் நிற்கும் சம்பந்தி

என் சின்ன மருமகளைப் பெற்றவர் ஒரு பயந்தாங்கொள்ளி. அவர் இருந்தபோது இதை அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். அதனால் அவர் போன பிறகு எழுதுவதில் தப்பில்லை. சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். "ஆமாங்க சம்பந்தி, பயந்தாங்கொள்ளிதானுங்க" என்று சிரிப்பார். திட்டினால் திருப்பித் திட்டுகிறவர்களை எனக்குச் சமாளிக்கத் தெரியும். வாங்கி வைத்துக்கொண்டு சிரிக்கிறவரை என்ன செய்வது?

பெயர் சொல்ல மாட்டேன். ஒருநாளும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எழுதும்போது மட்டும் எப்படி வரும்? சம்பந்தியம்மா என்றே இருக்கட்டும்.

அவர் டெக்சாஸில், சான் அன்டோனியோவில் தன் மகன் வீட்டில் இருந்தார். நான் நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில் பெரிய மகனோடு இருக்கிறேன். எங்கள் சின்ன மகனும் அவர் மகளும் கல்யாணமான கையோடு டெக்சாஸின் மேற்கே ஒரு சின்ன ஊருக்குப் போய்விட்டார்கள். மகனுக்குக் காற்றாலையில் வேலை. சான் அன்டோனியோவிலிருந்து காரில் அரை நாள் தூரம். வழியில் ஆளைப் பார்ப்பது அபூர்வம். கம்பி வேலி, ஆடு, மான், நம் ஊர் வேலிக்காத்தானைப் போலவே ஒரு முள்மரம். தாராபுரம் தாண்டிப் போகிற மாதிரி இருக்கும், ஆனால் தாராபுரம் வரவே வராது. அந்த ரோட்டில்தான் சம்பந்தியம்மா தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு மகளைப் பார்க்கப் போவார். வீட்டுக்காரர் காலமான பிறகு, தலையெல்லாம் நரைத்த பிறகு கற்றுக்கொண்டது.

இப்படிப்பட்டவரைப் பயந்தாங்கொள்ளி என்கிறாயே என்று நீங்கள் கேட்கலாம். அவரோடு காரில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். மழை பெய்து ரோட்டில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தால் போதும், வண்டி நின்றுவிடும். இறங்குவார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மாட்டை விலை பேச வந்தவர் மாதிரி தண்ணீரைப் பார்ப்பார். "அடி தெரியல. வண்டி போகாது" என்று திரும்பி வந்து உட்கார்வார். போனில் வழி சொல்கிற பொம்பளை கத்திக்கொண்டே இருப்பாள், நேரே போ, நேரே போ என்று. "அவ சொல்லுவா. வண்டி நின்னுபோனா அவளா வந்து தள்ளுவா?" என்பார்.

அவர் கார் டிக்கியைத் திறந்தால் ஒரு வீடே இருக்கும். தண்ணீர்க் கேன், கம்பளி, கயிறு, டார்ச், மாற்றுச் செருப்பு, ஒரு சின்ன மண்வெட்டி, டப்பா நிறைய முறுக்கு. என் மகன் ஒருமுறை, "அத்தை, டிக்கிக்குத் தனியா வீட்டு நம்பர் வாங்கிருலாமா?" என்று கேட்டான். "வாங்குங்க மாப்பிள்ளை. தபால் வந்தா நானே பிரிச்சுக்கறேன்" என்றார்.

கிளம்புவதற்கு முன் மகளுக்கு ஒரு போன் போடுவார். "நாங்க இந்த ரோட்டுல வர்றம். வேற ரோட்டுல வரமாட்டம். பொழுதோட வந்து சேரலீன்னா தேடறதுக்கு ஆளை உடு." முதல் தடவை இதைக் கேட்டதும் எனக்குப் பொறுக்கவில்லை. "கெளம்பறப்பவே வந்து சேரலீன்னான்னு சொல்றீங்களே, வாயில வேற வார்த்தை வராதா?" என்றேன்.

"வந்து சேந்துட்டா அது பொய்யாப் போயிருமுங்க சம்பந்தி. பொய்யாப் போகட்டும்னுதான் சொல்றது."

இவருக்கு ஏதோ ஒரு காலத்தில் ஏதோ நடந்திருக்க வேண்டும், வெள்ளத்தில் யாரையோ பறிகொடுத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மனது தாங்காமல் கேட்டும் விட்டேன். அவர் யோசித்துப் பார்த்தார். "ஒண்ணும் நடக்கலீங்க" என்றார். "நடக்காம இருக்கத்தானுங்க இத்தனையும்."

தண்ணீர் மட்டுமில்லை, மனிதர்களிடமும் அவர் அப்படித்தான். பொண்ணு கொடுப்பதற்கு முன் எங்கள் வீடு பார்க்க வந்தார்கள். ஆம்பிளைகள் எல்லாரும் மழை, தென்னை, மஞ்சள் விலை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவர் முன்னால் வைத்த பலகாரத் தட்டைத் தொடவில்லை. திடீரென்று என்னைப் பார்த்து, "பையனுக்குக் கோபம் வந்தா என்ன பண்ணுவாருங்க?" என்றார். ஆம்பிளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பையனைப் பெற்றவளிடம் கேட்கிற கேள்வியா இது? எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கேட்ட தோரணையில் நக்கல் இல்லை. "சோறு வேண்டாம்னு போய்ப் படுத்துக்குவான்" என்றேன்.

"எத்தனை நேரமுங்க?"

"பசிக்கற வரைக்கும்."

தட்டை இழுத்து வைத்துக்கொண்டு இரண்டு பஜ்ஜி சாப்பிட்டார். கல்யாணம் அந்த பஜ்ஜியில்தான் முடிவானது என்று எங்கள் வீட்டில் இன்றும் சொல்வார்கள்.

மருமகளுக்கு ஒன்பதாம் மாதம் நடந்தது. எங்கள் கொங்குப் பக்கத்தில் மாசமான பெண்ணுக்குக் கட்டுச்சோத்து விருந்து வைப்போம். பெண்ணைப் பெற்றவர்கள் புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம் என்று வகைவகையாகக் கட்டி மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். நாங்கள் வாசலில் நின்று வாங்கிக்கொள்வோம். அமெரிக்காவில் வாசலாவது ஒன்றாவது. நான் சான் அன்டோனியோவுக்கு விமானத்தில் வந்து, சம்பந்தியம்மா காரிலேயே, அவர் கட்டிய சோற்றை மடியில் வைத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. "வாங்கறவளே சொமந்துட்டு வர்ற கட்டுச்சோத்த எங்கியாச்சும் கேட்டிருக்கீங்களா?" என்றேன். "நீங்க வாங்கியாச்சுன்னு வெச்சுக்கங்க. இப்ப நாந்தான் உங்க டிரைவர்" என்றார்.

அன்று காலையில் வானம் வெளிச்சமாக இருந்தது. ஆனால் வடக்கே மலைப் பக்கம் ராத்திரி நல்ல மழை என்று போனில் பார்த்துவிட்டு, நாளைக்குப் போகலாமா என்றார். நாள் பார்த்து வைத்ததை மாற்றுவதா என்று நான் மறுத்தேன். சரி, சுற்று வழியாக இருந்தாலும் பெரிய ரோட்டிலேயே போவோம் என்றார். குறுக்கு வழி முழுக்க வெள்ளை மண் ரோடு, நனைந்தால் சோப்பு மாதிரி வழுக்கும். எனக்கு அவர் சொன்னது பாதி காதில் விழுந்தது. புளிசாதத்தின் வாசனையில் தூக்கம் சொக்கியது.

வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றபோதுதான் மகன் கூப்பிட்டான். பள்ளிக்கூடத்தில் அடிபட்டு வந்த பையன் குரல். "அம்மா, அவளுக்கு வலி வந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறோம். டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் நாள் இருக்கேம்மா."

"ஏறுங்க சம்பந்தி, ஏறுங்க" என்று கத்தினேன். அவர் பெட்ரோல் போட்டு முடித்தார். கண்ணாடியைத் துடைத்தார். டயரைக் காலால் அமுக்கிப் பார்த்தார். முகம் மட்டும் சாம்பல் பூத்திருந்தது.

"பெத்த வயிறுதானா உங்களுக்கு?" என்றேன்.

"அவசரத்துல ஓட்டுனா நம்மதான் ரோட்டுல கெடப்பம். ஏறுங்க, போலாம்" என்றார்.

அந்த ஊருக்குக் கடைசிப் பகுதியில் ஒரே ரோடுதான். அது ஓரிடத்தில் மேட்டிலிருந்து இறங்கி ஒரு ஓடைப் பள்ளத்தைக் கடந்து அக்கட்ட, அந்தப் பக்கத்து மேட்டில், ஏறும். பாலம் கிடையாது. எப்போதும் காய்ந்து கிடக்கும், எங்கள் பக்கத்துப் பள்ளங்கள் மாதிரி கல்லும் மணலும்தான். அன்றைக்கு வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது, ஒரு தூறல் இல்லை. ஆனால் பள்ளத்தில் ரோட்டைக் காணோம். செம்மண் நிறத்தில் தண்ணீர் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. எங்கேயோ பெய்த மழை இங்கே வந்து போகிறது. ஓரத்தில் ஆழம் பார்க்க அளவு எழுதிய வெள்ளைக் கட்டை நட்டிருந்தார்கள். கீழ் எழுத்துகள் முழுகிவிட்டன.

சம்பந்தியம்மா தண்ணீருக்கு வெகு தூரத்திலேயே வண்டியை நிறுத்தினார். இறங்கிப் போய், ரோட்டில் தண்ணீர் தொடுகிற இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். கல் நனைந்தது. பிறகு காணாமல் போனது.

"ஏறுது" என்றார்.

"முழங்கால் தண்ணிகூட இருக்காதுங்க. இத்தன பெரிய கார் போகாதா?"

"கார் போகுமுங்க. ரோட்டு வழியாப் போகுமா, தண்ணி வழியாப் போகுமான்னுதான் தெரியல."

அப்போது பின்னால் ஒரு பெரிய பிக்கப் வண்டி வந்து நின்றது. தொப்பி போட்ட வெள்ளைக்காரர், எங்கள் வயதுதான் இருக்கும். என்னவோ மரியாதையாகச் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. சம்பந்தியம்மா நினைத்திருந்தால் மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நம்ம ரெண்டு பேரையும் அவரு வண்டியில ஏத்தி அக்கட்ட உடறேங்கறாரு" என்றார்.

"எத்தன நல்ல மனுசன்! வாங்க போலாம்."

"மனுசன் நல்லவருதானுங்க. தண்ணியப் பத்தி அப்படிச் சொல்ல முடியலையே."

"அப்ப நீங்க இருங்க. நான் போறேன்."

"போறதுன்னா போங்க. நான் தடுக்க மாட்டேன்" என்றார். நான் கட்டுச்சோற்றுப் பையோடு அந்த வண்டியின் கதவில் கை வைத்தேன். என் மணிக்கட்டை வந்து பிடித்துக்கொண்டார். "இல்லீங்க. தடுப்பேன்."

என்னை அப்படி யாரும் கை பிடித்து நிறுத்தியதில்லை. அந்த மனிதர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தொப்பியைத் தொட்டுக் கும்பிடு போட்ட மாதிரி செய்துவிட்டு வண்டியை எடுத்தார். தண்ணீர் சக்கரத்தை மூடியது. நடுவில் ஒருமுறை வண்டியின் பின்பக்கம் விலகி ஆடியது. பிறகு நேராகி, சொட்டச் சொட்ட அக்கட்ட ஏறிவிட்டது. அங்கிருந்து ஹாரன் வேறு அடித்தார்.

"பாத்தீங்களா!" என்று கத்தினேன்.

"பாத்தனுங்க. நெம்ப சந்தோசம். அவரு வீட்டுல யாராச்சும் காத்துட்டு இருப்பாங்க."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அக்கட்ட உங்க பொண்ணு கெடந்து துடிக்கறா. பக்கத்து ஊட்டுக்காரியாட்டம் நிக்கறீங்களே!"

இந்த முறை அவர் சிரிக்கவில்லை. என் கையை இன்னும் விடவில்லை. "இந்தத் தண்ணியில நான் போயிட்டன்னா அவளுக்கு இன்னைக்கு ரெண்டு சோலி ஆயிருமுங்க. புள்ளையும் பெக்கோணும், என்னையும் தேடோணும்."

வண்டியைத் திருப்பினார். கட்டுச்சோறு கொண்டுபோனால் வழியில் திரும்பக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதையும் சொல்லிப் பார்த்தேன். "திரும்பலீங்க. மேட்டுல ஏறி நிக்கப் போறோம்" என்றார். மேட்டில் ஒரு பண்ணையின் இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். பள்ளத்துக்குள் செத்துக் கிடந்த போன் அங்கே வந்ததும் உயிர் பெற்று, மகன் அனுப்பியதெல்லாம் டிங் டிங்கென்று விழுந்தது.

கூப்பிட்டார். மகன் மருமகளின் காதருகே போனை வைத்தான். அந்தப் பிள்ளையின் குரல் எனக்கே கேட்டது. "அம்மா, எங்கம்மா இருக்கறே? எப்பம்மா வருவே?"

நான் போனுக்குக் கை நீட்டினேன். இதோ வந்துவிட்டோம், ஊருக்குள் நுழைந்துவிட்டோம் என்று சொல்ல நாக்கு நுனியில் வைத்திருந்தேன். வலியில் கிடக்கிற பிள்ளைக்கு வேறு என்ன சொல்வது? சம்பந்தியம்மா போனைத் தரவில்லை.

"வரமாட்டேன் கண்ணு" என்றார். "பள்ளத்துல தண்ணி. வத்துற வரைக்கும் வரமாட்டேன். மேட்டுல கார்ல உக்காந்திருக்கறேன். உங்க அத்தையும் பத்திரமா இருக்கறாங்க. தண்ணி வத்துனதும் வர்றேன்."

அந்தப் பக்கம் ஒரு வலி வந்து போனது. பிறகு, "சரிம்மா. கீழ எறங்கிப் பாக்கறேன்னு போகாத" என்று அவள் சொன்னது கேட்டது.

அதன் பிறகு சம்பந்தியம்மா போனை வைக்கவே இல்லை. கார்க் கதவைத் திறந்து வைத்து, காலை வெளியே தொங்கப்போட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் மூச்சு விட்டால் இவரும் விட்டார். அவள் கத்தினால் இவர் கண்ணை மூடிக்கொண்டு "ம்… இருக்கறேன்… இருக்கறேன்" என்றார். நான் வேறென்ன செய்ய, அவர் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். யாருக்குப் பிரசவம் என்று பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

வெயில் சாய ஆரம்பித்தபோது போனுக்குள் ஒரு குழந்தை வீறிட்டது. மகன் அழுதுகொண்டே, "பொண்ணும்மா, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றான்.

அதற்குள் மேட்டில் இன்னும் சில வண்டிகள் சேர்ந்திருந்தன. கூடார வண்டியோடு ஊர் சுற்றும் ஒரு கிழவனும் கிழவியும், ஆட்டுத் தீவனம் ஏற்றிய ஒரு வண்டி. நான் பையைப் பிரித்தேன். கட்டுச்சோறு வீடு திரும்பக்கூடாது, அவ்வளவுதானே? காகிதத் தட்டில் எல்லாருக்கும் வைத்தேன். புளிசாதத்தைச் சாப்பிட்ட கிழவருக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது, ஆனாலும் தட்டை மறுபடி நீட்டினார். பேத்தி பிறந்திருக்கிறாள் என்று சம்பந்தியம்மா இங்கிலீஷில் சொன்னதும் அந்தக் கிழவி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் வடிந்தது. அரசாங்க வண்டியில் ஒருவர் வந்து, நீளக் கோலால் ரோட்டைத் தட்டித் தட்டி அக்கட்ட வரை நடந்து பார்த்துவிட்டு, போகலாம் என்று கை காட்டினார். எல்லா வண்டிகளும் புறப்பட்டன. இவர் சாவியைத் திருகவில்லை.

"இப்பென்னங்க?" என்றேன்.

கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. "இது நிக்கட்டுமுங்க."

தயிர்சாதத்தை எடுத்துக் கையில் கொடுத்தேன். காலையிலிருந்து அவர் சாப்பிடவே இல்லை. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். பிறகு போனோம்.

பள்ளத்தைக் கடக்கும்போது ரோட்டின் ஓரம் ஒரு பக்கம் கரைந்து, தார் பல் போன ஈறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் போனபோதே அப்படி இருந்ததா, பிறகு போனதா, யாருக்குத் தெரியும்? நாங்கள் அவரோடு போயிருந்தால் அவரைப் போலவே பத்திரமாக ஏறியிருக்கலாம். ஏறாமலும் போயிருக்கலாம். சம்பந்தியம்மா அதைப் பார்த்தார், நானும் பார்த்தேன். பார்த்தீர்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவரை எனக்கு இத்தனை பிடித்திருக்காது.

ஆஸ்பத்திரியில் நான் நேரே குழந்தையிடம் போனேன். அவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மகளிடம் போனார். நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டார். "என்மேல கோபமா கண்ணு?" என்றார்.

அவள் களைத்துப்போயிருந்தாள். கண்ணைத் திறக்காமலே பேசினாள். "இதோ வந்துட்டேன்னு நீ சொல்லியிருந்தீன்னா, நான் கதவையே பாத்துட்டுக் கெடந்திருப்பேன்மா. எந்தத் தண்ணியில எறங்கறியோ, எங்க நிக்கறியோன்னு. வரமாட்டேன்னு சொன்னே பாரு, அப்பறந்தான் உன்னை உட்டுப்போட்டு என்ற வலியப் பாத்தேன்."

சம்பந்தியம்மா போர்வையை அவள் தோள் வரை இழுத்துவிட்டார். சுவரோரம் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். யாரையும் பார்க்காமல், "இங்க காபி கீபி கெடைக்குமா?" என்றார்.

மகன் எழுந்தான். "நீ புள்ளையப் புடி" என்று அவன் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டு நான் போனேன். பையனைப் பெற்றவள் பெண்ணைப் பெற்றவருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுக்கிற வழக்கம் எங்களில் கிடையாது. எனக்கு அங்கே பாஷையும் தெரியாது. நடையின் கோடியில் இருந்த நர்ஸிடம் குடிக்கிற மாதிரி சைகை காட்டினேன். அவள் ஒரு மிஷினிடம் கூட்டிப்போய்ப் பால் ஊற்றி, சர்க்கரை போட்டுக் கொடுத்தாள். தளும்பாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

என்னைப் பார்த்ததும் அவர் பதறி எழுந்தார். "ஐயோ, நீங்க எதுக்குங்க…"

"உக்காருங்க சம்பந்தி. சூடா இருக்குது, பாத்துக் குடிங்க" என்றேன்.

உட்கார்ந்தார். அவர் முதல் வாய் குடிக்கும் வரை நான் நின்றுகொண்டிருந்தேன்.